காட்டில் பேர் சொல்லக் கூடாது

எனக்குப் பொறுமை இல்லை என்பது நாங்கள் இருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதி முழுக்கத் தெரிந்த விசயம். மெற்றோ கொஞ்சம் பிந்தினாலே சுவரைப் பார்த்துத் திட்டுகிற ஆள் நான். அப்படிப்பட்ட கிறகரி மான் வேட்டைக்குப் போகிறான் என்றதும் கோயில் வாசலில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மரத்தில் பலகை கட்டி ஏறி இருந்து சுடுகிற வேட்டை என்றாலும் பரவாயில்லை. என்னோடு வேலை செய்கிற றேஜான் எனக்குப் பழக்கியது நின்று நின்று நடக்கிற வேட்டை. காற்று முகத்தில் படுகிற பக்கமாக நாலைந்து அடி வைக்க வேண்டும். பிறகு அசையாமல் நிற்க வேண்டும். தலையைத் திருப்புவதென்றாலும் மெல்லத்தான் திருப்ப வேண்டும். மான் நம்மைக் காண முதல் நாம் மானைக் காண வேண்டும், அவ்வளவுதான் வித்தை. எனக்கோ நிற்கத் தொடங்கினால் மூக்குக் கடிக்கும், முதுகு கடிக்கும், பிறகு எல்லாம் கடிக்கும்.

மூன்று கார்த்திகை போய் மூன்று முறையும் வெறுங்கையோடு வந்தேன். 'மான் கிறகரி' என்று பட்டமும் வைத்துவிட்டார்கள். 2003ஆம் ஆண்டு கார்த்திகை பிறந்ததும் என் தங்கை செலீன் ஒரு யோசனை சொன்னாள்.

"இவர் வாகரைக் காட்டிலை திரிஞ்சு வளந்தவர் அண்ணை. ஒருக்கா இவரையும் கூட்டிக்கொண்டு போங்கோவன்."

இந்த 'இவர்'தான் பிரச்சினை. இவர் சிவநேசம், செலீனின் புருஷன். ஆறு வருடத்துக்கு முன் நான் டொரோண்டோவில் நல்ல ஒரு கணக்காளர் மாப்பிள்ளையைப் பேசி முடித்து, மோதிரத்துக்கு விரல் அளவும் எடுத்துக்கொண்டு வர, அவள் தையல் ஃபாக்டரியில் தன்னோடு வேலை செய்த இந்த மட்டக்களப்பு மனிதனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வாசலில் வந்து நின்றாள். கோயிலும் இல்லை, சுவாமியாரும் இல்லை, தமையனுக்கு ஒரு சொல்லும் இல்லை. கத்தினேன், கதவை அடித்துச் சாத்தினேன், பிறகு களைத்துப்போனேன். ஒரே கட்டடத்தில் அவர்கள் மேல்மாடி, நான் கீழ்மாடி. படியில் எத்தனை நாளைக்கு முகத்தைத் திருப்புவது?

ஆனால் ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த மனிதனை முறை சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவர் முதல் நாளே என்னை 'மச்சான்' என்றார். நான் 'சிவநேசம்' என்றேன், வாத்தியார் இடாப்புக் கூப்பிடுகிற மாதிரி. அன்று தொடங்கி அவர் வாயில் மச்சான், என் வாயில் சிவநேசம். செலீனுக்கு இது நெஞ்சில் முள். அவளுக்கு நோகும் என்று தெரிந்துதான் நானும் சொன்னேன்.

சனிக்கிழமை விடிய என் வான் வண்டியில் வெளிக்கிட்டோம். லஷூட் தாண்டி, தார் ரோட்டு முடிந்து, கிரவல் ரோட்டும் முடிகிற இடத்தில் றேஜானின் காணி. மேப்பிளும் பைனும் சீடரும் நெருக்கியடித்து வளர்ந்த காடு. பத்து யார் தூரத்துக்கு அப்பால் மாடு நின்றாலும் தெரியாது. துவக்கு லைசென்ஸ் எனக்கு மட்டும்தான் இருந்தது. அவர் வெறுங்கையோடு வந்தார். செம்மஞ்சள் மேலாடை இரண்டு பேரும் போட வேண்டும், அது சட்டம். அவர் அதைப் போட்டுவிட்டுத் தன்னைத் தானே குனிந்து பார்த்தார்.

"இதப் போட்டுக்கிட்டு வேட்டையா மச்சான்?"

"மானுக்கு இந்த நிறம் தெரியாது. மனிசருக்குத்தான் தெரியும். துவக்கு லைசென்ஸ் கோசிலை சொல்லித் தந்தவை," என்றேன்.

காட்டு விளிம்பில் அவர் ஒரு பைன் குழையை முறித்து ஒரு மரத்தின் கவட்டில் வைத்தார். என்ன இது என்று கேட்டேன்.

"எங்கட பக்கம் காட்டுக்குள்ள இறங்கக்குள்ள குழை முறிச்சு வைக்கிற."

"நாங்கள் சிலுவை போட்டுட்டுத்தான் இறங்குவம்."

"அதையும் போடுங்க. ரெண்டும் கிடக்கட்டும்." பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "இன்னொண்டு மச்சான். உள்ளுக்குப் போனா பேர் சொல்லிக் கூப்பிடப்படாது. முறை சொல்லித்தான் கூப்பிடுற. பேர் சொன்னா நான் ஏன் எண்டு கேக்க மாட்டன்."

"ஏன், பேய் பிடிச்சிடுமோ?"

"எங்கட வழக்கம்," என்றார். சிரிக்கவில்லை.

எனக்கு விசயம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். நத்தார்ச் சாப்பாட்டிலும் பிறந்தநாள் கேக்கிலும் என் வாயிலிருந்து எடுக்க முடியாத சொல்லை, இவர் காட்டில் வைத்து எடுக்கப் பார்க்கிறார். ஆள் லேசுப்பட்ட ஆள் இல்லை. "கண்டறியாத வழக்கம்," என்று முணுமுணுத்துவிட்டு முன்னால் நடந்தேன்.

மத்தியானம் வரைக்கும் ஒன்றும் இல்லை. இரவு பெய்த மழையில் சருகு நனைந்து கிடந்ததால் கால்ச் சத்தம் கேட்கவில்லை. ஒரு இளமரத்தில் கொம்பு தேய்த்துப் பட்டை உரிந்திருந்தது. அவர் அதைத் தொட்டுப் பார்த்து, ஈரமாக இருக்கிறது, புதிது என்று கையால் காட்டினார். பின்னேரம் ஆனதும் கிட்ட வந்து காதோடு சொன்னார்.

"நாலு கால் நடந்தா மான் நிக்காது. நீங்க இந்த ஓடைக் கரையால காத்துக்கு எதிர்ப்பக்கம் போங்க. நான் அந்த மேட்டில இருக்கன். மறுகா நீங்க கூப்பிடுங்க, வாறன்."

அதுவும் எனக்கு எரிச்சல்தான். என் வேட்டைக்கு இவர் கட்டளை. ஆனாலும் சொன்னது சரி என்பதால் போனேன்.

ஓடைக்கரை முழுக்கச் சீடர் மரங்கள். நிலம் எது, கல் எது, விழுந்த மரம் எது என்று தெரியாமல் பாசி மூடிக் கிடந்தது. நான் முதன்முறையாக ஒழுங்காக நின்றேன். மூக்குக் கடித்தது, சொறியவில்லை. அப்படி நின்றபோதுதான் கண்டேன். மரங்கள் எல்லாம் நெடுக்காக நிற்க, ஒரு கோடு மட்டும் குறுக்காகக் கிடந்தது. முதுகு. பிறகு ஒரு காது அசைந்தது. பிறகு தலை நிமிர, கொம்பு.

என் நெஞ்சு அடித்த அடியில் அதற்கே கேட்டிருக்கும். ஒரு சீடர் கொப்பு மறைத்தது. ஒரேயொரு அடி இடப்பக்கம் வைத்தால் போதும். கண்ணை மானில் வைத்துக்கொண்டு காலை வைத்தேன். வைத்த இடத்தில் நிலம் இல்லை.

வலது கால் பாசியைக் கிழித்துக்கொண்டு இரண்டு கல்லுக்கு நடுவே முழங்கால் வரைக்கும் போனது. நான் பக்கவாட்டில் விழ, பெரிய கல் ஒன்று புரண்டு, அதன் மேல் கிடந்த உக்கின மரமும் சரிந்து என் கணுக்காலை நெரித்தது. உள்ளே ஏதோ முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. துவக்கு கையை விட்டுப் பறந்து ஓடைத் தண்ணீருக்குள் போனது. மான் ஒரு கணம் நின்று என்னைப் பார்த்தது. பிறகு வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டது.

நோவு என்றால் அப்படி ஒரு நோவு. கண்ணை இருட்டியது. இழுத்துப் பார்த்தேன், கால் வரவில்லை. சப்பாத்தை விட்டுவிட்டுக் காலை மட்டும் எடுப்போம் என்று பார்த்தால் நாடா கல்லுக்குக் கீழே, கை போகவில்லை. கல்லைத் தள்ளினேன், அது அசையக்கூட இல்லை. கீழே ஓடை நீர், ஐஸ் ஆகப் போகிற தண்ணீர், சப்பாத்துக்குள் நிறைந்தது. ஃபோன் வானுக்குள். பயம் அப்போதுதான் வந்தது. நாலரைக்கு இருட்டிவிடும். இருட்டினால் பூச்சியத்துக்குக் கீழே போகும். நனைந்த காலோடு இந்த இடத்தில் இரவு கிடந்தால் விடிய என்னைப் பெட்டியில்தான் கொண்டு போக வேண்டும்.

"சிவநேசம்," என்று கூப்பிட்டேன்.

பதில் இல்லை. ஓடைச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று அடித்தொண்டையால் கத்தினேன். "சிவநேசம். இஞ்சை வாரும். சிவநேசம்."

நான் விடவில்லை. கத்தினேன், இருமினேன், திரும்பக் கத்தினேன். தொண்டை கட்டியதும் கொஞ்சம் நிறுத்தி, மேட்டுப் பக்கமாகக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

பைன் மரங்களுக்கு நடுவே செம்மஞ்சள் நிறத்தில் ஒரு துண்டு தெரிந்தது.

அவர்தான். நிற்கிறார். நான் கத்தினால்தான் கேட்கிற தூரம் இல்லை, கதைத்தாலே கேட்கிற தூரம். "சிவநேசம், கால் மாட்டிப்போச்சு, வாரும்," என்றேன். அந்தத் துண்டு அசையவில்லை. "ஐசே, பகிடி இல்லை. கால் முறிஞ்சு போச்சு. இஞ்சை வாரும்." அசையவில்லை.

என் உடம்பு முழுக்கக் கொதித்தது. அறுந்துபோவான், பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஆறு வருடமாகச் சிரித்துச் சிரித்து மச்சான் மச்சான் என்று சொல்லி, இந்த ஒரு நாளுக்காகத்தான் காத்திருந்திருக்கிறான். வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். மன்னார்க் கடற்கரையில் வலை இழுக்கிறவர்களிடம் பழகிய சொல்லெல்லாம் சொன்னேன். கையில் அகப்பட்ட தடியை எறிந்தேன். அது பாதியில் விழுந்தது. செம்மஞ்சள் துண்டு அப்படியே நின்றது.

பிறகு திட்டவும் சத்து இல்லை. பாதம் விறைத்து, நோவே தெரியாமல் போனது. அது நோவதைவிடக் கூடாத சங்கதி என்று கோசில் சொல்லியிருந்தார்கள். பல்லுக் கிடுகிடுவென்று அடித்தது. புனித அந்தோனியாரை மன்றாடினேன். மன்றாடும்போதே எனக்குத் தெரியும், அந்தோனியார் செய்ய வேண்டியது ஒன்றும் இதில் இல்லை. ஒரு சொல். அதைச் சொன்னால் அந்த மனிதன் வருவான், சொல்லாவிட்டால் நான் இங்கே விறைத்துக் கிடப்பேன். பிடிவாதம் பாருங்கள், அப்போதும் எனக்குச் சொல்ல மனமில்லை. வாயைத் திறந்தேன், மூடினேன். சொன்னால் பிறகு வாழ்நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். படியில் சொல்ல வேண்டும், கோயிலில் நாலு பேருக்கு முன்னால் சொல்ல வேண்டும். பேசி வைத்த மாப்பிள்ளை முகத்தில் கரி பூசியது சரி என்று ஆகிவிடும். மரங்களுக்கு நடுவே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. செம்மஞ்சளும் சாம்பலாக மாறத் தொடங்கியது. அதுவும் தெரியாமல் போகப் போகிறது என்று கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மச்சான்," என்றேன். சத்தம் வரவில்லை. திரும்பவும் சொன்னேன். "மச்சான், என்னை விட்டுட்டுப் போயிடாதை."

சொல்லி முடிக்கவில்லை, சருகும் கொப்பும் முறிகிற சத்தம். அவர் விழுந்தடித்து ஓடி வந்தார். வந்த வேகத்தில் தண்ணீருக்குள் முழங்காலில் விழுந்தார். உக்கின மரத்தைத் தோளால் முட்டிப் புரட்டினார். கல்லுக்குக் கீழே இரண்டு கையையும் விட்டு மண்ணையும் சின்னக் கல்லையும் கிளறிக் கிளறி எடுத்தார். நகம் பிய்ந்து இரத்தம் தண்ணீரில் ஓடியது. நான் பார்த்துக்கொண்டே கிடந்தேன். கல் கொஞ்சம் இளகியதும் முதுகைக் கொடுத்துத் தூக்கினார்.

"இப்ப இழுங்க," என்றார்.

இழுத்தேன். சப்பாத்து உள்ளே நிற்க, கால் வந்தது. பாதம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் தன் சுவெற்றரைக் கழற்றி அதைச் சுற்றிக் கட்டினார்.

எனக்கு உயிர் திரும்பியதும் முதலில் திரும்பியது கோபம். "கேட்டதுதானே?" என்றேன்.

"கேட்டது."

"முதல் கூப்பிட்டதிலையிருந்தோ?"

"ஓம்."

"நான் இஞ்சை சாகக் கிடக்கிறன், உமக்கு முறை கேக்குதோ? மனிசனோ நீர்?"

அவர் என்னைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினார். கொஞ்சத் தூரம் மேட்டில் ஏறினார். மூச்சு வாங்கியது. முகம் தெரியாததால்தான் சொன்னாரோ என்னவோ.

"தொண்ணூறில சண்டை நேரம் நாங்க காட்டுக்குள்ளதான் ஒளிச்சுக் கிடந்த, மச்சான். எங்கட ஆக்கள் எல்லாம். காட்டுக்க பேர் சொல்லப்படாது எண்டு அப்பா சொல்லித்தான் வெச்சிருந்தார். ஒருநாள் பின்னேரம், இந்த நேரம்தான், விளிம்பில நிண்டு ஒருத்தன் என்ட அண்ணன்ட பேரச் சொல்லிக் கூப்பிட்டான். நல்ல தமிழ். கையில துவக்கு. 'இஞ்ச வா, ஒண்டும் இல்ல, வா' எண்டான். அண்ணன் தெரிஞ்ச ஆள் எண்டு நினைச்சு 'ஓம்' எண்டு எழும்பினான். நான் அவன் உடுத்திருந்த சாரத்தப் பிடிச்சன். கைய எடுத்து விட்டுத்துப் போனான்."

விழுந்து கிடந்த மரம் ஒன்றைத் தாண்டிக் கால் வைத்தார்.

"மறுகா என்ட பேரையும் கூப்பிட்டான். நான் பத்தைக்குள்ள கிடந்தன். கூப்பிட்டுக்கிட்டே நிண்டான்." நின்று என்னைச் சரியாக ஏற்றிக்கொண்டார். "நீங்க கூப்பிடக்குள்ள ஓடி வரத்தான் வந்தன். அந்தப் பைனடியில வந்து கால் நிண்டுத்து. உங்கட குரல்தான் எண்டு தெரியும். கால் மாட்டிக் கிடக்கிறதும் தெரியுது. காலத் தூக்க ஏலாமப் போச்சு மச்சான். எனக்கு என்னிலயே வெறுப்பா இருந்த. முறை சொல்லுங்க எண்டு மனசுக்குள்ள கத்திக்கொண்டு நிண்டன்."

நான் அவருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். இவ்வளவு நேரமும் நான்தான் மாட்டிக் கிடக்கிறேன் என்று நினைத்துக் கத்தியிருக்கிறேன். அந்தப் பைன் மரத்தடியில் இவர் நின்ற நிலை எனக்கு ஒரு துளியும் தெரியாது.

"செலீனுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"அண்ணன் இல்ல எண்டு தெரியும். இது தெரியா."

வானை அவர்தான் ஓட்டினார். ஸ்டியரிங் முழுக்க இரத்தம். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் இரண்டு பேருடைய மெடிக்கல் அட்டையையும் வாங்கி ஆளுக்கொரு ஃபைல் போட்டார்கள். அவருடைய விரல் இரண்டு எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. எனக்கு எக்ஸ்ரே படம் எடுக்க வேண்டும், அவருக்குத் தையல் போட வேண்டும். என் காலுக்கு ஒரு மட்டையைக் கட்டி இருக்கச் சொன்னார்கள். இரண்டு பேரும் சேறும் தண்ணீருமாக, செம்மஞ்சள் மேலாடையோடு, பிளாஸ்டிக் கதிரையில் இருந்தோம். எதிரே ஒரு பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தாள். செலீனுக்கு ஃபோன் எடுக்கலாம் என்றேன். அவர் தலையாட்டினார். இரண்டு பேருக்கும் எழும்ப மனமில்லை.

அப்போது உள்ளே இருந்து கதவைத் திறந்துகொண்டு ஒரு தாதி வந்தாள். கையில் ஃபைலை வைத்துக்கொண்டு, அதில் இருந்த பேரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, பிரெஞ்சில் உரக்கக் கூப்பிட்டாள்.

"மொசியே சிவநேசம்?"

பக்கத்தில் இருந்த மனிதன் கல்லாகிப் போனார். துணி சுற்றிய கை கதிரை விளிம்பைப் பிடித்தது. துணியில் புதிதாகச் சிவப்பு ஊறியது. முகத்தில் ஒன்றும் இல்லை. கண் மட்டும் அவளையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல் எங்கேயோ நின்றது. ஆறு வருடத்தில் எத்தனை இடத்தில், ஃபாக்டரியில், ஓஃபிசில், என் வீட்டு மேசையில், இந்த முகம் இப்படி நின்றிருக்கும்? நான் ஒருநாளும் பார்க்கவில்லை.

தாதி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். திரும்பவும் கூப்பிட்டாள். பதில் வராததால் அடுத்த ஃபைலை எடுக்கப் போனாள்.

நான் சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் எழும்பினேன். முறிந்த கால் நிலத்தில் தட்டியதில் உயிர் போய் வந்தது.

"உய், மடாம்," என்று கையை உயர்த்தினேன். "இசி. இசி." இங்கே, இங்கே என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில்.

அவள் என் காலைப் பார்த்தாள், ஃபைலைப் பார்த்தாள். விரல் தையல் என்று அதில் எழுதியிருக்கும். குழம்பிப்போய் நின்றாள். நான் குனிந்து, காயம் இல்லாத பக்கமாக அவருடைய முழங்கையைப் பிடித்தேன்.

"எழும்பு மச்சான்," என்றேன். "நான் முன்னாலை போறன். நீ என்னைப் பிடிச்சுக்கொண்டு பின்னாலை வா."